மலையோடையில் மஞ்சள் கயிறுகள்

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் நாங்கள் கிர்கிஸ்தானுக்குப் போனோம்.

வெளியூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். திருச்சியில் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அந்த ஒப்பந்தக்காரரைத் தெரியும். முகூர்த்த மாதமெல்லாம் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துபவர் அவர். ஆடி பிறந்தால் மண்டபங்கள் பூட்டப்படும், அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்படும், சமையல்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சும்மா கிடக்கும் பாத்திரத்தையும் சும்மா இருக்கும் சமையல்காரரையும் விமானத்தில் ஏற்றினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 'சமையல்காரரோடு வெளிநாட்டுச் சுற்றுலா' இப்படித்தான் பிறந்தது. காசியும் காத்மாண்டுவும் முடிந்து, மலேசியாவும் பார்த்தாகிவிட்ட பிறகு, தெருவில் வேறு யாரும் போயிராத ஒரு நாடு அவருக்குத் தேவைப்பட்டது. அந்த நாட்டில் என்ன இருக்கிறது என்பதை விட, எதிர்வீட்டுக்காரர் அங்கே போனதில்லை என்பதுதான் விற்பனைச் சரக்கு.

அம்மாவுக்குத் துணையாக நான் போனேன். அப்பாவுக்கு வெளிநாடு ஒத்துக்கொள்ளாது. மண்ணச்சநல்லூரைத் தாண்டினாலே அவருக்கு வெளிநாடுதான். நான் சமூகப் பணியில் முதுநிலை முடித்து, அரியமங்கலத்தில் பட்டறைத் தொழிலாளர் குடும்பங்களிடையே வேலை செய்கிறேன். வாய்க்காலில் குப்பை போடாதீர்கள் என்று ஆண்டு முழுவதும் கூட்டம் போட்டுப் பேசுவது என் வேலையின் பெரும்பகுதி. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் நாங்கள் கொடுத்த டீக்கோப்பையை அதே வாய்க்காலில் போடுவார்கள். ஆகவே மனிதர்களைப் பற்றிப் பெரிய கற்பனைகள் எதுவும் எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததே ஒரு கற்பனை என்பதைப் பயணத்தில் தெரிந்துகொண்டேன்.

புறப்படுவதற்கு முன் ஸ்ரீரங்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்து விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். பனி மூடிய மலைகளும், கடல் போன்ற ஏரியும், சிவந்த பள்ளத்தாக்குகளும், முடிவில்லாத புல்வெளியும் ஒரே நாட்டில் இருக்கின்றன என்று ஒப்பந்தக்காரர் படம் போட்டுக் காட்டினார். படம் ஓடும்வரை மரியாதையாகப் பொறுத்துக்கொண்டிருந்த கூட்டம், அது முடிந்ததும் தன் உண்மையான கேள்விக்கு வந்தது.

"காபிக்கு என்ன பால்?" என்று முன்வரிசையில் இருந்த ஸ்ரீரங்கத்து மாமி கேட்டார்.

"பசும்பால்தாங்க மாமி. கவலையே படாதீங்க. அங்க ஆளுங்க குதிரைப் பாலும் குடிப்பாங்க, ஆனா நமக்கு அது கிடையாது."

"குதிரையா? ரங்கா! ரங்கா!"

"டிகாக்‌ஷன் பொடி இங்கேருந்தே எடுத்துட்டுப் போறோம் மாமி. காந்தி மார்க்கெட்ல கறிவேப்பிலைக்குக்கூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

அத்தோடு கிர்கிஸ்தானைப் பற்றிய விசாரணை முடிந்தது. அந்நாட்டு மக்கள் யார், என்ன மொழி பேசுகிறார்கள், எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கறிவேப்பிலை போகிறது என்றால் மற்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பது எங்கள் ஊரின் உலக அறிவு.

ஷார்ஜா வழியாகப் போய் இறங்கினோம். வழிகாட்டியாக வந்தவன் லால்குடிப் பக்கத்துப் பையன். அங்கே மருத்துவம் படிக்கிறான், விடுமுறையில் இந்த வேலை. அந்த நாட்டு மொழியைச் சரளமாகப் பேசினான். எங்கள் கூட்டத்தில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் அவன் என்பது பின்னால் எங்களுக்குப் பயன்பட்டது. எங்களைவிட மற்றவர்களுக்கு அதிகம் பயன்பட்டது.

அந்த நாட்டைப் பற்றி நான் மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் காலையில் செங்கல் சூளையின் உட்புறம்போலச் சிவந்து நிற்கும் மண்சுவர்களுக்கு நடுவே நடந்து, மதியம் மறுகரை தெரியாத நீல ஏரியில் கால் நனைத்து, சாயங்காலம் பனிச்சரிவின் அடியில் குதிரைகள் மேய்வதைப் பார்க்க முடிகிற இடம் உலகில் அதிகம் இராது. அங்கே வெளிச்சம் மலைமேல் விழும் விதமே வேறு. எங்கள் ஊரில் வெயில் அடிக்கும். அங்கே வெயில் வந்து உட்காரும்.

எங்கள் கூட்டம் சிவந்த பள்ளத்தாக்கைப் பார்த்து, "நம்ம செம்மண்தான்" என்றது. அருவியைப் பார்த்து, "கொல்லிமலை மாதிரி வராது" என்றது. ஏரிக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் கரையில் வரிசையாக நின்றுகொண்டு கைபேசியை எடுத்தார்கள். படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் உரக்கப் படித்தார்: "மேட்டூர் நூத்தி இருவது தொட்டாச்சுப்பா! தொறந்துட்டான். முக்கொம்புக்குக் காவேரி வந்துட்டாளாம்." கூட்டத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. கண்ணுக்கு முன்னால் ஒரு கடலளவு தண்ணீர் இருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓடும் தண்ணீரைக் கொண்டாடினார்கள். பிறகு அண்டா திறக்கப்பட்டது. ஏரிக்கரையில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, "ஏரி பார்த்தாச்சு" என்று பஸ் ஏறினார்கள். புதிதாக எதையும் பார்க்க நேராமலே ஒரு நாட்டைச் சுற்றி வருவதற்கும் ஒரு திறமை வேண்டும். எங்கள் ஊருக்கு அது நிறையவே இருக்கிறது.

இதுவரை நடந்ததால் யாருக்கும் தீங்கில்லை. அசட்டுத்தனத்தை நான் சகித்துக்கொள்வேன். அதன் விலையை வேறொருவர் கொடுக்க நேரும்போதுதான் சகிக்க முடிவதில்லை.

மலைமேல் ஒரு மேய்ச்சல் வெளியில், கம்பளிக் கூடாரங்களில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. அந்த முகாமை நடத்தியவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. கணவர் ஆட்டு மந்தையோடு இன்னும் மேலே இருந்தார். குதிரைகளையும் கூடாரங்களையும் விருந்தாளிகளையும் அந்த அம்மாள் தனியாகவே பார்த்துக்கொண்டார். கன்னம் வெயிலிலும் குளிரிலும் கன்றிப்போயிருந்தது. சிரிக்கும்போது தங்கப்பல் தெரியும். முகாமை ஒட்டி ஒரு ஓடை ஓடியது. முழங்காலளவு ஆழம்தான், அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம்போல் இருந்தது. வளைவில் மரப்பலகை வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தேக்கி, அங்கே வாளியில் முகந்துகொள்வார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடாரத்தில் உட்கார வைத்து அந்த அம்மாள் பேசினார். மருத்துவ மாணவன் வரி வரியாகத் தமிழில் சொன்னான்.

"இந்த ஓடைதான் இவங்களுக்குக் குடிதண்ணி. கீழ இருக்கற கிராமத்துக்கும் இதேதான். அதனால ஓடையில குளிக்கக்கூடாது, கை கழுவக்கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது, எதையும் போடக்கூடாது. கழுவற தண்ணியக்கூட இவங்க தூரமா குழி வெட்டி அதுலதான் ஊத்துறாங்க. இந்த இடம் இவங்களுக்குச் சொந்தம் இல்ல. ஒவ்வொரு கோடைக்கும் கிராமத்து மேய்ச்சல் குழுதான் யார் எங்க கூடாரம் போடறதுன்னு முடிவு பண்ணும். ஓடை கெட்டுதுன்னா அடுத்த வருஷம் இந்த இடம் இவங்களுக்குக் கிடைக்காது."

"கிடைக்கலேன்னா வேற இடத்துல போட வேண்டியதுதானே? மலை பூரா காலியாத்தான கிடக்கு" என்றார் பொறியாளர்.

"சார், பஸ் வர்ற ரோடு இதோட முடியுது. பஸ் வந்தாத்தான் ஆளு வரும். விருந்தாளிங்களால வர்ற வருமானத்துலதான் குளிர்காலத்துக்குப் புல்லு வாங்குறாங்க, பொண்ணு பட்டணத்துல படிக்குது."

இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரர் எழுந்து, மார்பில் கை வைத்து, "தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லு. நாங்க ஸ்ரீரங்கத்துக்காரங்க. சுத்தபத்தமான ஆளுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அரியமங்கலத்துக் கூட்டங்களில் நான் பார்க்கும் அதே தலையாட்டல். ஆனால் படித்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு.

ஒப்பந்தக்காரர் அதை மறக்கவில்லை. ஊரிலிருந்தே ஒரு டிரங்குப் பெட்டி முழுக்கப் பூஜைச் சாமான்களைக் கொண்டுவந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். காதோலை, கருகமணி, மஞ்சள், குங்குமம், புதுத் தாலிக்கயிறு, அகல்விளக்கு எல்லாம் இருந்தன. வாழைமட்டை கிடைக்காது என்பதால் விளக்கை மிதக்கவிடத் தெர்மாகோல் தட்டுகளும் இருந்தன. காலையில் மாணவனும் டிரைவரும் டீசல் போடக் கீழே போயிருந்தார்கள். முகாம்காரம்மாள் சரிவில் குதிரைகளிடம் பால் கறந்துகொண்டிருந்தார். நான் பனி தொடங்கும் எல்லைவரை நடந்துவிட்டு வரலாமென்று மேலே போயிருந்தேன். யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத நேரம் பார்த்து அவர் பெட்டியைத் திறந்தார். "எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ்!"

நான் இறங்கி வரும்போது மேலிருந்து முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். ஓடையின் ஒரு பகுதி மஞ்சளாக இருந்தது.

ஓடிவந்து பார்த்தேன். பட்டுப்புடவைகள் ஓடைக்கரையில் வரிசை கட்டி நின்றன. சமையல்காரர் எலுமிச்சை சாதமும் புளிசாதமும் தேங்காய் சாதமும் கிளறி அண்டாவில் வைத்திருந்தார். வெல்லம் கலந்த காப்பரிசி விநியோகம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் புதுக்கயிறு கட்டிவிட்டுப் பழைய மஞ்சள்கயிற்றைப் பூவோடும் கருகமணியோடும் தண்ணீரில் விட்டார்கள். அம்மாவும் விட்டாள்.

"அம்மா! நேத்து அவ்வளவு சொன்னாங்களே!"

"குப்பை போடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது குப்பையாடி?" அம்மாவின் முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

மாமி என் தோளைத் தட்டினார். "கொழந்தே, எல்லாத் தீர்த்தமும் காவேரிதான். இங்க இவளை யார் பூஜை பண்ணப்போறா, சொல்லு? நாம பண்ணினா இவளுக்கும் புண்ணியம்."

இந்த மனிதர்கள் செய்த தவறு என்ன என்று பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஆடியில் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று காவிரியில் எதை விட்டாலும், திரும்பிப் பார்ப்பதற்குள் அது போய்விடும். அத்தனை அகலம், அத்தனை வேகம். போனது எங்கே போயிற்று, யாருடைய வாசலில் ஒதுங்கியது என்று படித்துறையில் நிற்பவர் ஒருநாளும் அறிய நேர்வதில்லை. ஆற்றில் விட்டது இல்லாமலே போய்விடும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவிட்டார்கள். இந்த ஓடைக்கு அந்த உபசாரம் தெரியவில்லை. கொடுத்ததை எல்லாம் வளைவுவரை கொண்டுபோய், குடிதண்ணீர் முகக்கும் பலகைக்கு எதிரே ஒரு குவியலாகச் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. கயிறும் பூவும் வெற்றிலையும் எண்ணெயும், கல்லில் மோதி நொறுங்கிய தெர்மாகோலும் அங்கே சுழன்றுகொண்டிருந்தன. சோற்றுப் பருக்கைகூட இருந்தது, ஓடைக்கும் ஊட்டியிருக்கிறார்கள்.

பால்வாளியோடு இறங்கிவந்த அந்த அம்மாள் வளைவருகே வந்ததும் நின்றார். கூச்சல் போடவில்லை. வாளியைக் கீழே வைத்தார். கூடாரத்துக்குப் பின்னால் போய், காய்ந்த புல்லை வாரும் நீண்ட மரவாரியை எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் பஸ் திரும்பி வந்தது. மாணவன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அம்மாள் அவனிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"கிராமத்துக்காரங்க பாக்கறதுக்குள்ள எல்லாத்தையும் வாரி அடுப்புல போட்டு எரிக்கணும்ங்கறாங்கக்கா."

நான் அதைக் கூட்டத்திடம் சொன்னேன். எந்த உத்தியும் எனக்கு இல்லை. சொன்னதை அப்படியே சொன்னேன். "அந்தம்மா இதையெல்லாம் வாரி வறட்டி அடுப்பில போட்டு எரிக்கப் போறாங்க."

மாமி அலறினார். "என்னது? தாலிக்கயித்தையா?"

"ஐயோ!" என்றாள் அம்மா.

அதன்பின் நான் பார்த்தது என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்திராத ஒன்று. பெண்கள் அனைவரும் புடவையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு, பனி உருகி வரும் அந்தத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மூட்டுவலிக்காரர்கள், படி ஏறமாட்டேன் என்று ஒவ்வொரு ஓட்டலிலும் லிப்ட் கேட்டவர்கள், எல்லோரும். குளிர் எலும்பைப் பிடித்திருக்கும், ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

"அது என்னோடது, தொடாதீங்க! முடிச்சுப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"நீங்க முதல்ல என் கயித்துமேலேருந்து காலை எடுங்கோ!"

"பொசுக்கறதாம்ல! பொசுக்கறது! வீட்டுல மனுஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு!"

ஒரு கணவர்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். யாருடைய ஆயுளுக்காக இத்தனை அவசரமோ, அந்தக் கணவர்களில் உடன் வந்திருந்தவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பாத்து, வழுக்கப் போவுது" என்று பொறியாளர் தன் மனைவிக்கு ஆலோசனை வழங்கினார். "அப்பளம் நமுத்துப்போச்சுய்யா" என்று சமையல்காரரிடம் புகார் செய்தார்.

இந்தப் பெண்களை ஓடைக்குள் இறக்கியது அந்த அம்மாளின் பிழைப்பைப் பற்றிய கவலை அல்ல. கீழே இருக்கும் கிராமத்தின் தாகமும் அல்ல. எந்த நம்பிக்கை ஓடையைக் கெடுத்ததோ, அதுவேதான் இப்போது ஓடையைத் துப்புரவு செய்தது. ஆண்டுக்கணக்கில் நான் போட்ட கூட்டங்கள் ஒரு மனிதரைக்கூட ஒரு வாய்க்காலுக்குள் இறக்கியதில்லை. அதை எண்ணியபோது எனக்கு அவர்கள்மேல் இருந்த இகழ்ச்சி குறையவில்லை. என் படிப்பின் மேலும் கொஞ்சம் படிந்தது, அவ்வளவுதான்.

அந்த அம்மாளுக்கோ இதெல்லாம் தெரியாது. விருந்தாளிகள் செய்த தவறை உணர்ந்து மனம் வருந்தித் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள் என்று எண்ணினார். அவர் முகம் இளகியது. உள்ளே ஓடிப்போய்த் தன் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யார் கால்ல கெடந்ததோ" என்று முணுமுணுத்தபடி மாட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் அம்மாவின் விறைத்த கையைப் பிடித்துத் தன் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்துவிட்டார். உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதனால் யாருக்கு என்ன நன்மை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கயிறு கிடைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஈரக்கயிறுகள் பிளாஸ்டிக் பைகளுக்குள் போய்க் கைப்பைகளுக்குள் சேர்ந்தன. ஊருக்குப் போய் அம்மா மண்டபத்தில் முறையாக விடுவதற்காம். கருகமணியையும் பொறுக்கினார்கள். மற்றவை அவர்கள் கண்ணில் படவே இல்லை. பூவும் வெற்றிலையும் எண்ணெய்ப் படலமும், உதிரி உதிரியாகப் போன தெர்மாகோலும் அப்படியே இருந்தன. அவற்றால் யாருடைய கணவருக்கும் ஆபத்து இல்லை. அந்த அம்மாளும் மாணவனும் நானும் மரவாரியாலும் வடிகட்டியாலும் முடிந்ததை வாரினோம். ஆனால் வெள்ளை மணிகள் நாங்கள் வாரிக்கொண்டிருக்கும்போதே பலகையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன.

உச்சிவேளைக்குள் கிராமத்திலிருந்து மூன்று ஆண்கள் குதிரையில் ஏறி வந்துவிட்டார்கள். இறங்கியவர்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி தெர்மாகோல் மணிகளை எடுத்து அந்த அம்மாளின் கையில் கொட்டினார். மணிகள் காற்றில் பறக்காமல் இருக்க அந்த அம்மாள் கையை மூடிக்கொண்டார்.

ஒப்பந்தக்காரருக்கு நெற்றி வியர்த்தது. அபராதம் கேட்பார்கள், பஸ்ஸை நிறுத்துவார்கள் என்று பயந்துவிட்டார். மாணவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து இந்தம்மாகிட்டக் கேட்டோம். அவங்கதான் சாமி கும்பிட்டுக்கோங்க, பரவால்லன்னாங்க. அப்படிச் சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாணவன் பேசத் தொடங்கிவிட்டான். நீளமாகப் பேசினான். ஓடையைக் காட்டினான், டிரங்குப் பெட்டியைக் காட்டினான், ஒப்பந்தக்காரரைக் காட்டினான். ஒப்பந்தக்காரர் தனக்கே உரிய கம்பீரத்தோடு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார். நடுவே கைகூப்பவும் செய்தார். குதிரைக்காரர்கள் அவரை உற்றுப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனார்கள்.

"பாத்தீங்களா? பேசுற விதத்துல பேசினா எல்லாம் முடிஞ்சுடும்" என்று ஒப்பந்தக்காரர் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். கூட்டம் அவரைப் பாராட்டியது.

மலையிறங்கும்போது பஸ்ஸில் மாணவன் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

"அவர் சொன்னதைச் சொன்னியா?"

"இல்லக்கா. நடந்ததச் சொன்னேன். இந்தம்மா முதல் நாளே எல்லாம் எடுத்துச் சொன்னாங்க, யாரும் அவங்களக் கேக்கல, இந்தப் பெட்டி இவரோடது, இதோ நிக்கறாரே இவர்தான் செஞ்சதுன்னு சொன்னேன். அவரும் 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டிட்டாரு. அதனால அவங்க நம்பிட்டாங்க."

அந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

"இடம் அவங்களுக்குக் கிடைக்குமா?"

"தெரியலக்கா. மந்தையெல்லாம் கீழ எறங்கின பிறகு குழு கூடும். அப்பதான் சொல்வாங்களாம்."

ஊர் திரும்பியதும் அம்மா முதல் வேலையாக அம்மா மண்டபத்துக்குப் போய்க் கயிற்றைக் காவிரியில் விட்டுவிட்டு வந்தாள். கயிற்றை மட்டும் விட்டாளா, பையோடு விட்டாளா என்று நான் கேட்கவில்லை. பதிலைத் தாங்குவதற்கான பொறுமை எனக்கு அன்று இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்றுவந்தவர்கள் எல்லோரும் மறுபடி கூடுவதென்று முக்கொம்புக்கு வரச்சொன்னார்கள். அதே ஒப்பந்தக்காரர், அதே சமையல்காரர், அதே தயிர்சாதம். கல்யாண சீசன் தொடங்கிவிட்டாலும் எங்களுக்காக ஒரு நாளை ஒதுக்கியதாகச் சொன்னார். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அவர் தன் கைபேசியில் காணொளி காட்டினார். பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்திருந்தார். அந்த ஓடை, மஞ்சள் நீர், மிதக்கும் விளக்குகள். பெண்கள் தண்ணீரில் இறங்கிய காட்சியும் இருந்தது. "பனித்தண்ணியில புனித நீராடல்" என்று அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தார். ஒருவரும் மறுக்கவில்லை. உண்மையில் அவர்கள் அப்படித்தான் நினைவுவைத்திருந்தார்கள்.

முந்தின நாள்தான் மாணவன் என்னை அழைத்திருந்தான். குழு கூடிவிட்டது. ஓடைக்கரை இடம் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மாளுக்கு மேலே, கணவர் மந்தை மேய்க்கும் சரிவில் ஓரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்மேல் தவறில்லை என்று குழு நம்பியதால் அந்த அளவாவது கிடைத்ததாம். "அங்க பஸ் போகாதுக்கா. குதிரையிலதான் போகணும்."

பஸ் போகாது என்று கேட்டதும், ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. எங்கள் அண்டா ஏற முடியாத ஓரிடம் பூமியில் மிச்சமிருக்கிறது. ஆனால் பஸ் போகாத இடத்துக்குக் குளிர்காலத்துப் புல்லும் போகாது; பட்டணத்தில் படிக்கும் பெண்ணுக்குக் கட்டணமும் போகாது. எங்களிடமிருந்து அந்த மலை தப்பித்ததற்கான விலையையும் அந்த அம்மாள்தான் கொடுத்திருக்கிறார்.

ஜமக்காளத்தில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னேன்.

"அதான் வேற இடம் குடுத்துட்டாங்கள்ல? அப்புறம் என்னம்மா?" என்றார் பொறியாளர், ஊறுகாய்க்குக் கை நீட்டியபடி.

"அந்தப் பொம்மனாட்டி நல்லவ. எங்க கையெல்லாம் தேச்சு விட்டாளே" என்றார் மாமி. "அவளுக்குப் பெருமாள் ஒரு குறையும் வெக்கமாட்டார்."

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட்டாள்.

ஒப்பந்தக்காரர் தொண்டையைச் செருமினார். "நானே சொல்லணும்னு இருந்தேன். அந்தம்மா கொஞ்சம் சிடுசிடுப்புதான். அடுத்த ஆடிக்கு வேற முகாம் பேசிட்டேன். இதைவிடப் பெரிய ஓடை, நல்ல வேகம்! விட்டா நிக்காது, போயிட்டே இருக்கும். நம்ம ஆடிப்பெருக்குதான் இனிமே இந்த டூருக்கே ஸ்பெஷல்."

"அந்த முகாம்காரங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எது?"

"ஓடையில நீங்க என்ன விடப்போறீங்கன்னு."

அவர் சிரித்தார். "சர்ப்ரைஸ்ங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்த தட்டுகளை யாரோ அடுக்கி எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தார்கள். நான் அங்கேயே, அவர்கள் எதிரிலேயே, மாணவனைக் கைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, சார் அடுத்த வருஷத்துக்குப் பேசியிருக்கற முகாம் எதுன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா. நான்தான் நம்பர் வாங்கிக் குடுத்தேன்."

"அவங்களுக்குப் போன் போடு. இந்த வருஷம் அந்த ஓடையில என்ன நடந்துதோ, அதை அப்படியே சொல்லு. அந்தம்மாவுக்கு இடம் போனதையும் சொல்லு."

"சொல்லலாம்க்கா. ஆனா சொன்னா, அவங்க இந்த பஸ்ஸே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்கும் இந்த பஸ்தான் பொழப்பு."

ஜமக்காளத்தில் சிரிப்பு நின்றிருந்தது. ஒப்பந்தக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றேன். "நீ தெரிஞ்சதைச் சொல்லு, போதும்."